அண்ணாமலை வட்டார ஓவியங்களும் அருங்காட்சியகமும்

ஓவியத் தொகுப்பு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு நெடிய கூடம். சட்டமிட்ட படங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றன் கீழும் வரைந்தோன் பெயரும் ஆண்டும் பொறித்த சிறு சீட்டு இருக்கும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சார்ந்த தேசியக் கலைக்கூடம் இவ்வமைப்பிற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அவ்வருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி எழுந்து, 1909-இல் திறக்கப்பெற்ற விக்டோரியா நினைவு மண்டபம் 1951-இல் தேசியக் கலைக்கூடமாயிற்று. இரவிவர்மாவின் எண்ணெய் வண்ணப் படங்கள், தஞ்சாவூர்ப் பலகைப் படங்கள், வடநாட்டுச் சிற்றோவியங்கள் ஆகியன அதன் செல்வங்கள்.

இத்தகைய கூடத்தில் திருவண்ணாமலை வட்டாரத்திற்கு உரிய பகுதி எது என வினவின், விடை கூறுதல் எளிதன்று. அவ்வட்டாரத்தில் ஓவியம் இல்லாமற் போகவில்லை. மிகப் பழங்காலந்தொட்டே இருந்துள்ளது. ஆயின் அது சட்டத்துள் அடங்காத ஓவியம். குகையின் கூரையிலும், மண்டபத்தின் விதானத்திலும், கோயிற் சுவரிலும் தீட்டப்பெற்றது. எடுத்துச் செல்லத்தக்க பொருள்களையே தேடித் தொகுத்த அருங்காட்சியகங்களின் கண்ணுக்கு அஃது எளிதிற் படவில்லை. அவ்வோவியங்களுள் நன்கு அறியப்பெற்ற சிலவற்றை வரலாற்று முறையில் நோக்கி, அவற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் என்ன செய்தல் கூடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வட்டாரம் என்று நாம் ஈண்டுக் குறிப்பது, 1989-இல் வடஆர்க்காட்டினின்றும் பிரிந்து அமைந்த திருவண்ணாமலை மாவட்டத்தையே. இன்றியமையாத இடத்து அதன் அண்டைப் பகுதிகளையும் சேர்த்துக்கொள்வாம்.

சங்க நூல்களைப் பயின்றார்க்கு ஓவியம் புதிய பொருளன்று. சித்திரமாடத்துத் துஞ்சிய பாண்டியனின் பெயரே ஓவியம் தீட்டிய மாடத்தினை நினைவூட்டும். நெடுநல்வாடை அரசியின் கட்டிலுக்குமேல் அமைந்த விதானத்தில் விண்மீன்களும் திங்களும் எழுதப்பட்டிருந்ததைக் கூறுகின்றது. இவற்றினும் நமக்குப் பெரிதும் பயன்படுவது பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டு. நப்பண்ணனார் பாடிய அப்பாட்டில், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காணவந்தோர் ஒருவரை ஒருவர் வினவுகின்றனர். இஃது யார், அஃது யார் என்று சிலர் கேட்க, உடன் வந்தோர் இரதி என்றும் காமன் என்றும், இந்திரன் அகலிகை கௌதமன் என்றும் எடுத்துக் காட்டுகின்றனர். ஓவியத்தின் பொருளை ஒருவர் மற்றொருவர்க்குச் சொல்லிக் காட்டும் பழக்கம் இந்நாட்டில் எத்துணைப் பழமையானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இச்செய்தியை நினைவிற் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

பல்லவர் காலத்திற்கு வருங்கால், இவ்வட்டாரமே ஓவிய வரலாற்றில் ஒரு தலைமையிடம் பெறுகின்றது. முதலாம் மகேந்திரவர்மன் சித்திரகாரப்புலி என்னும் விருதுப்பெயர் பூண்டவன். அவன் குடைவித்த சீயமங்கலத்து அவனிபாசனப் பல்லவேச்சுரம் வந்தவாசிப் பகுதியில் உள்ளது. அதனினும் நாம் உற்று நோக்கவேண்டியது காஞ்சிக்கு அணித்தாய், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகோடியில் அமைந்த மாமண்டூர்க் குடைவரை. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெரிதும் சிதைந்தது. எனினும் எஞ்சிய சொற்களில் மத்தவிலாசம் என்னும் நாடகத்தின் பெயரும், தட்சிணசித்திரம் என்னும் பெயரும் காணப்படுகின்றன. தென்னாட்டு ஓவிய முறையைப் பற்றிய ஒரு நூலையோ அதற்கு எழுந்த உரையையோ இது குறிக்கும் என்பர் அறிஞர். நூல் இன்று கிடைத்திலது. ஆயினும் தென்னாட்டு ஓவியம் என்று தனியே பெயரிட்டு வழங்கத்தக்க ஒரு மரபு இருந்தது என்பதைக் கல்லிற் பொறித்துக் காட்டும் இடம் இவ்வட்டாரத்தில் இருப்பது கருதத்தக்கது. மாமண்டூர் ஏரியின் பழம்பெயர் சித்திரமேகத் தடாகம் என்பதும் ஈண்டு நினைத்தற்கு இனியது. அப்பெயர்க்கும் ஓவியத்திற்கும் தொடர்பு காட்டச் சான்றில்லை.

பல்லவ ஓவியம் எத்தகையது என்பதை அறிய, எல்லை கடந்து விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலைக்குச் செல்லவேண்டும். இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில், குடைநிழலில் முடியணிந்து ஒருகால் மடக்கி நின்று இறைவனின் கூத்தைக் காணும் தேவியின் வடிவம் எஞ்சியுள்ளது. கூத்தாடும் இறைவனோ பெரும்பாலும் அழிந்துபோனார். காண்பவள் எஞ்சக் காணப்படும் பொருள் மறைந்த அந்நிலை, தென்னாட்டு ஓவிய வரலாற்றின் நிலைக்கே ஓர் உவமையாகத் தக்கது. புதுச்சேரியிற் பணியாற்றிய பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் அவ்வோவியத்தை அறிஞருலகிற்கு வெளிப்படுத்தினார். காஞ்சிக் கைலாசநாதர் கோயில் ஓவியங்களை 1931-இல் கண்டறிந்தவரும் அவரே. அதே ஆண்டில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர்கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை வெளிப்படுத்தினார். பழைய வடஆர்க்காட்டைச் சேர்ந்த ஆர்மாமலைக் குகையின் சமண ஓவியங்களும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கன.

இனித் திருமலைக்கு வருவாம். போளூருக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட இச்சமணத் தலத்தைத் தமிழாராய்ச்சியாளர் அனைவரும் அறிவர். கங்கை வரை சென்ற இராசேந்திர சோழனின் வெற்றிகளை விரித்துரைக்கும் பாறைக் கல்வெட்டு இங்குள்ளது. முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த சினாலயமும் இங்குள்ளது. வைகாவூர்த் திருமலை என்னும் பெயரும், பள்ளிச்சந்த நிலங்களும், விளக்குக்கு வைத்த பொன்னும் கல்வெட்டு நூல்களில் அச்சேறி நெடுங்காலம் ஆயின. ஆனால் அம்மலையடியில், பாறையோடு ஒட்டி எழுப்பிய கட்டடத்தின் உள்ளறைகளில் விதானத்தும் சுவரிலும் உள்ள வண்ண ஓவியங்களைப் பற்றித் தமிழில் வெளிவந்தவை மிகச் சில.

அவ்வோவியங்களுள் முதன்மையானது சமவசரணம். தீர்த்தங்கரர் முழுதுணர்வு எய்தியபின் அறவுரை ஆற்றுதற்குத் தேவர்கள் அமைக்கும் பேரவையே சமவசரணம் எனப்படும். நடுவில் இறைவன், சுற்றிலும் வட்டம் வட்டமாக மதில்களும் சோலைகளும், தேவரும் மாந்தரும் விலங்குகளும் தத்தம் பகுதிகளில் அமர்ந்து கேட்பர். திருமலை ஓவியர் இதனை ஒரு பெரிய சக்கரமாக வரைந்துள்ளார். இதன் அமைப்பை விளங்கிக்கொள்ள வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணத்துச் சமவசரணப் பகுதியை உடன் வைத்துப் பார்த்தல் பெரும்பயன் தரும். ஓவியத்திலுள்ள ஒவ்வொரு வளையத்திற்கும் அந்நூலில் இடமுண்டு என்று நாம் துணியவில்லை. ஆயினும் தமிழ்ச் சமண இலக்கியமும் தமிழ்நாட்டுச் சமண ஓவியமும் ஒன்றையொன்று விளக்க வல்லன என்பதில் ஐயமில்லை. இலக்கியத் துறையினர் ஓவியத்தைக் கலைத் துறையினர்க்கு விட்டுவிடுவதும், அவர் இலக்கியத்தை நமக்கு விட்டுவிடுவதும் இருதிறத்தார்க்கும் இழப்பேயாகும்.

திருமலையில் ஓவியம் ஒரே காலத்ததன்று. ஓரடுக்கின்மேல் மற்றோர் அடுக்கு தீட்டப்பெற்றமை சில இடங்களிற் புலனாகின்றது. அடியிலுள்ளது சோழர் காலத்ததென்றும் மேலுள்ளது விசயநகரக் காலத்ததென்றும் கொள்வோர் உளர். பெரும்பகுதியும் விசயநகரக் காலத்ததே என்பாரும் உளர். இதனை முடிவு செய்தல் இக்கட்டுரையின் வேலையன்று. நாம் சுட்ட விரும்புவது பிறிதொன்று. இதே திருமலையில், சேர மரபினனான எழினி செய்வித்த இயக்கன் இயக்கியர் படிமங்களை, பிற்காலத்தில் அதியமான் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டு உண்டு. புதுப்பித்தவன் தன் பெயரை மட்டும் பொறித்து அமையவில்லை. முதலிற் செய்தவன் பெயரையும் பொறித்தான். பழுதுபார்த்தல் பழமையை அழித்தல் ஆகாது என்னும் நெறி அன்றே விளங்கியிருந்தது. ஓவியத்தின்மேல் ஓவியம் தீட்டியவர்களோ அத்தகைய குறிப்பு எதனையும் விட்டுச் செல்லவில்லை. கல்லில் எழுதுவோர்க்கும் சுதையில் எழுதுவோர்க்கும் இருந்த இவ்வேறுபாடே பின்னைய இழப்புகட்கெல்லாம் தொடக்கம் என்று நாம் கருதுகின்றோம்.

திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், சேயாற்றங்கரையில் அமைந்தது செங்கம். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தின் தலைவனாகிய நன்னனது செங்கண்மா இதுவே. அப்பாட்டில் வழியிடை நடுகற்கள் பேசப்படுகின்றன. அதற்கேற்ப இப்பகுதியில் எழுத்துடைய நடுகற்கள் மிகுதியாகக் கண்டெடுக்கப்பெற்று, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறையால் 1972-இல் செங்கம் நடுகற்கள் என்னும் நூலாக வெளிவந்தன. எனவே செங்கம் என்றதும் ஆராய்ச்சி மாணவர் நடுகல்லையே நினைப்பர். அவ்வூர் வேணுகோபால பார்த்தசாரதி கோயிலின் விதானத்தில் இராமாயண யுத்தகாண்டம் வண்ணத்தில் விரிந்து கிடப்பதை நினைப்போர் சிலரே.

செங்கத்து ஓவியம் நாயக்கர் காலத்தது. பதினேழாம் நூற்றாண்டினது என்பர். செஞ்சி நாயக்கரின் ஆட்சி பரந்திருந்த நிலப்பகுதி இது. அக்கால ஓவிய மரபுப்படி கதை நீண்ட பட்டைகளாகப் பகுக்கப்பெற்றுள்ளது. ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் இடையே சுவரோ கதவோ தடையாக இல்லை. தோன்றிய மாந்தரே மீண்டும் மீண்டும் தோன்றுவதால் கதை நகர்கின்றது என்று அறிகின்றோம். காண்பவன் தலையை நிமிர்த்துப் பட்டையின் போக்கிலே நடத்தல் வேண்டும். நடையும் பார்வையும் ஒன்றிச் செல்லுமாறு அமைந்த இவ்வோவியத்தைத் துண்டு துண்டாக அறுத்துச் சுவரில் மாட்டினால் அது படமாக எஞ்சுமேயன்றிக் கதையாக எஞ்சாது.

எனினும் செங்கத்து ஓவியத்தின் தனிச்சிறப்பு இதுவன்று. காட்சிகளின் பொருளை விளக்கும் எழுத்துகளே. அவை தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பெற்றுள்ளன. நாயக்கர் காலத்துத் தமிழகத்தில் ஆளுவோர் மொழி தெலுங்காகவும் ஊரார் மொழி தமிழாகவும் இருந்தமை வரலாற்று நூல்களிற் பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. செங்கத்திலோ அச்செய்தி கண்ணெதிரே நிற்கின்றது. ஒரே விதானத்தின்கீழ் இருமொழியாளரும் நின்று, ஒரே கதையைத் தத்தம் எழுத்திற் படித்தனர் என்பதற்கு அவ்வெழுத்துகளே சான்று. முன்பு கூறிய பரிபாடற் காட்சி இங்கு நினைவிற்கு வருகின்றது. பரங்குன்றத்தில் இஃது யார் என்ற வினாவிற்கு உடன் வந்தோர் வாயால் விடை கூறினர். செங்கத்தில் அவ்விடையை ஓவியரே எழுதிவைத்தார், அதுவும் இருமொழியில். இடைப்பட்ட ஆயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட காலத்தில் ஓவியம் காண்போரின் நிலை எவ்வாறு மாறிற்று, எழுத்தறிந்தோர் யாவர், எழுதினோர் யாவர் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவை கலை வரலாற்று வினாக்கள் மட்டுமல்ல. மொழி வரலாற்று வினாக்களுமாம்.

விளக்க எழுத்துகள் பேச்சு வழக்கிற்கு அணுக்கமான நடையில் எழுதப்படுவது நாயக்கர்கால ஓவியங்களிற் பெருவழக்கு. புலவர் நூலிற் காணாத சொல்வடிவங்களும், ஒலிப்பிற்கேற்ப மாறிய எழுத்துகளும் இத்தகைய இடங்களிலேதான் கிடைக்கும். கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து இலக்கணம் வகுத்த நாம், விதானத் தமிழை இன்னும் அவ்வாறு ஆராயவில்லை. கம்பர் வழிக் கதை எங்கு நிற்கின்றது, வடமொழி வழியும் தெலுங்கு வழியும் எங்குப் புகுகின்றன என்பதனையும் அவ்வெழுத்துகளைக் காட்சிகளோடு ஒப்பிட்டே அறிதல் வேண்டும்.

திருவண்ணாமலைப் பெருங்கோயிலுக்கு வருங்கால், கல்லுக்கும் வண்ணத்துக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு இன்னும் தெளிவாகப் புலப்படும். இத்திருக்கோயிலைப் போல நன்கு ஆராயப்பெற்ற கோயில்கள் தமிழகத்தில் மிகச் சில. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் முயற்சியால் ஐந்து தொகுதிகள் வெளிவந்துள்ளன. பி. ஆர். சீனிவாசன் அவர்கள் கல்வெட்டுகளைத் தொகுத்தார். பிரான்சுவாசு லெர்னோ முதலியோர் கட்டடங்களையும் சிற்பங்களையும் ஆராய்ந்தனர். மரி-லூயிசு ரெனிஷ் சமூக அமைப்பினை ஆராய்ந்தார். கிருட்டிணதேவராயர் தொடங்க, தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிவுற்றதாகக் கூறப்படும், 217 அடி உயரமுள்ள கீழைக் கோபுரத்தின் வரலாறு வரி வரியாக அறியப்பட்டுள்ளது. ஒரு கல்வெட்டுத் துண்டு தூணின் அடியில் மறைந்திருப்பினும் அதற்கு எண் உண்டு, பாடம் உண்டு. வண்ணத்திற்கு இவ்வாறு எண்ணிட்டுப் பாடம் கண்ட தொகுதி எதுவும் எழவில்லை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அறிஞரின் விருப்பு வெறுப்பு அன்று; படியெடுக்கும் முறையே. 1887 முதற்கொண்டு கல்வெட்டுத் துறையினர் ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்று, ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி, மை தடவிப் படியெடுத்தனர். அம்முறை எளிது, செலவு குறைந்தது. வண்ணம் அறியாத எவரும் பழகிக்கொள்ளத்தக்கது. அதன்பின் மண்டபம் இடிக்கப்படினும், கல் தலைகீழாகக் கட்டப்படினும் எழுத்து பிழைத்துக்கொண்டது. சுவரோவியத்தின்மேல் ஈரத்தாளை ஒற்றினால் ஓவியமே தாளோடு வந்துவிடும். அதனைப் படியெடுக்க வல்லவன் தானும் ஓவியனாதல் வேண்டும். நாட்கணக்கில் தலை நிமிர்ந்து நின்று வரைதல் வேண்டும். ஆகவே ஓவியம் படியெடுக்கப்படாமலே நின்றது. படியெடுக்கப்படாதது திருப்பணியில் அழிந்தால், அழிந்தது என்று அறிவிப்பதற்கும் சான்று இராது.

கோயில் ஓவியம் அழிவதற்குரிய காரணங்கள் பலரும் அறிந்தனவே. விளக்குப் புகை, வௌவால், மழைநீர்க் கசிவு ஆகியவை மெல்ல அழிப்பன. சுண்ணாம்பு பூசுதலும், மணலை விசையோடு வீசித் துப்புரவு செய்தலும், பளிச்சென்ற புதிய வண்ணம் தீட்டுதலும் ஒருநாளில் அழிப்பன. பின்னவற்றைச் செய்வோர் பகையால் செய்வதில்லை; பக்தியாற் செய்கின்றனர். மங்கிய ஓவியம் கோயிலுக்கு அழகன்று என்பது அவர் கருத்து. மங்கிய ஓவியமே சான்று என்பது நம் கருத்து. இருவரும் ஒரே சுவரைப் பார்க்கின்றோம். ஆனால் ஒரே பொருளைப் பார்ப்பதில்லை.

இக்கருத்து வேறுபாடு திருவண்ணாமலையில் ஒருமுறை வெளிப்படையான பூசலாகவே எழுந்தது. 2002-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசியச் சிறப்புடைய நினைவுச்சின்னமாகக் கொள்ள முற்பட்டது. வழிபாட்டுரிமைக்கு இடையூறு நேருமென ஊர்மக்கள் கிளர்ந்தனர், வழக்கும் எழுந்தது, பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டு, கோயில் முன்போல் அறநிலையத் துறையின்கீழ் நின்றது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூற நாம் முனையவில்லை. வழிபாடு நின்ற கோயில் அருங்காட்சியகமாகி விடும் என்ற அச்சம் பொருளற்றதன்று. வழிபாட்டின் பெயரால் பழம்பொருள் அழிகின்றது என்ற கவலையும் பொருளற்றதன்று. ஆயின் ஒன்று உறுதி. கோயிலை அருங்காட்சியகமாக்குதல் இவ்வட்டாரத்தில் நடவாது. ஆகவே, கோயிலைக் கோயிலாகவே விட்டு, அதன் ஓவியங்களுக்கு அருங்காட்சியகம் எவ்வாறு துணை செய்தல் கூடும் என்பதே ஆராயத்தக்க வினா.

இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு முன்னோர் முயற்சிகள் உதவுகின்றன. சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன் அவர்கள் தென்னாட்டுச் சுவரோவியங்களின் செய்முறையை முதன்முதலாக அறிவியல் வழியில் ஆராய்ந்தவர். சித்தன்னவாசலில் சுண்ணாம்பு வெள்ளை, கரி, மஞ்சட்காவி, செங்காவி முதலிய எளிய வண்ணப்பொருள்களே பயன்பட்டன என்றும், தஞ்சைச் சோழர் ஓவியம் ஈரச் சுதையின்மேல் தீட்டப்பெற்றது என்றும் அவர் கண்டார். ஒரு படத்தைக்கூட இடம்பெயர்க்காமல், கடுகளவு சுதையை எடுத்து ஆராய்ந்து, அவர் ஓவிய வரலாற்றிற்கு ஆக்கம் தந்தார். அதே அருங்காட்சியகத்தின் வெளியீடாக 1934-இல் வந்தது டி. என். இராமச்சந்திரன் அவர்களின் திருப்பருத்திக்குன்றம் பற்றிய நூல். அங்குள்ள சமண ஓவியங்களைக் காட்சி காட்சியாக விளக்கி, நூல்களோடு ஒப்பிட்டு, படங்களுடன் வெளியிட்டார். காஞ்சிக்கு அண்மையில் இஃது இயன்றதாயின், அதே சமண மரபைச் சார்ந்த திருமலைக்கு ஏன் இயலவில்லை என்னும் வினா எழுதல் இயல்பே.

ஓவியத்தை இடம்பெயர்க்கும் வழியும் ஒன்றுண்டு. தஞ்சையில் தொல்லியல் துறையினர் மேலிருந்த நாயக்கர்கால ஓவியங்கள் சிலவற்றைச் சுதையோடு பெயர்த்தெடுத்துப் பலகைகளிற் பொருத்தினர். அடியிலிருந்த சோழர் ஓவியம் வெளிப்பட்டது. அருஞ்செயலே. ஆயினும் அங்கு ஈரடுக்கு இருந்தமையாலும், மேலடுக்கை நீக்காமல் கீழடுக்கைக் காண இயலாமையாலும் அது தக்கதாயிற்று. செங்கத்து விதானத்திற்கு அம்முறை பொருந்தாது. அங்குப் பட்டைகளின் தொடர்ச்சியே ஓவியம் என்பதை மேலே கண்டோம்.

படியெடுத்தலே போதும் என்று கருதுவோர்க்கு அசந்தாவின் கதை ஓர் எச்சரிக்கை. இராபர்ட் கில் என்பார் 1844 முதல் பல்லாண்டுகள் அக்குகைகளில் உழைத்து வரைந்த படிகளுட் பெரும்பாலன 1866-இல் இலண்டன் படிகமாளிகைத் தீயில் எரிந்தன. பின்னர் பம்பாய்க் கலைப்பள்ளியின் கிரிபித்சு தம் மாணவருடன் 1872 முதல் வரைந்த படிகள் பலவும் 1885-இல் தென்கென்சிங்டனில் தீக்கு இரையாயின. மூன்றாம் முறையாக எரிங்காம் அம்மையார் நந்தலால் போசு முதலிய இளம் ஓவியர்களைக் கூட்டிக்கொண்டு 1909-இல் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அருங்காட்சியகத்திற் பாதுகாவலாக வைத்தவை எரிந்தன. கவனிப்பாரற்ற குகைச் சுவர் நின்றது. ஆகவே படியும் வேண்டும், சுவரும் வேண்டும். படியும் ஓரிடத்தில் மட்டும் இருத்தல் ஆகாது.

இதுகாறும் கூறியன பழைய ஓவியங்கள். இக்கால ஓவியத்திலும் அண்ணாமலைக்குப் பங்குண்டு. அதனைக் கூறாது விடின் வட்டார ஓவிய வரலாறு அரைகுறையாகும். 1898-இற் சென்னையிற் பிறந்து, அரசினர் கலைப்பள்ளியிற் பயின்ற சி. கொண்டையராஜு துறவு வேட்கையுடன் திருவண்ணாமலை சென்று இரமணாசிரமத்தில் தங்கியிருந்தார். இரமண முனிவரின் உருவத்தை வரைந்தார். பின்னர் நாடகக் குழுக்களுக்குத் திரை எழுதி ஊர் ஊராகச் சென்று, 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோவிற்பட்டியில் நிலைத்தார். அவரும் அவர் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சாகித் தமிழகத்தின் வீடுகளிலும் கடைகளிலும் புகுந்தன. 1976-இல் அவர் மறையுங்கால், அவர் கையால் உருப்பெற்ற முருகனையும் மீனாட்சியையும் வணங்காத ஊர் தமிழகத்தில் அரிது எனலாம்.

கலைப்பள்ளி மரபினர் பலர் இத்தகைய படங்களைக் கலையெனக் கருதியதில்லை. எழும்பூர்க் கூடத்தில் இரவிவர்மாவின் எண்ணெய் வண்ணப் படங்கள் மதிப்புப் பெற்ற அளவிற்கு, 1894-இல் அவரே தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த அச்சுப்படங்கள் நெடுங்காலம் மதிப்புப் பெறவில்லை. கொண்டையராஜுவுக்கும் அதுவே நேர்ந்தது. மேனாட்டறிஞர் ஸ்டீபன் இங்லிசு அவரைப் பற்றி ஆராய்ந்து எழுதியபின்னரே நம்மவர் கண் திறந்தது. செங்கத்து விதானத்தை வரைந்தோன் எழுத்தறிந்த இருமொழியாளர்க்குக் கதை சொன்னான். கொண்டையராஜு எழுத்தே அறியாதார்க்கும் தெய்வத்தைக் காட்டினார். இருவரும் சட்டமிட்ட கூடத்திற்காக வரைந்தவரல்லர். சுவரோவியம் கோயிலில் மங்கியது போலவே நாட்காட்டிப் படமும் ஆண்டு முடிந்ததும் கிழிபட்டது. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1956-இல் தமிழர் வளர்த்த அழகுக் கலைகள் என்னும் நூலில் ஓவியத்திற்குத் தனியிடம் தந்து, மறைந்துவரும் கலைகளைத் தமிழர்க்கு நினைவூட்டினார். அவ்வரிசையில் இனிச் சேர்க்கவேண்டிய இயலாக நாட்காட்டி ஓவியத்தைக் கருதுகின்றோம்.

திருவண்ணாமலை நகரில் ஓவியங்களுக்கென ஒரு கூடம் அமைப்பதாயின் அதிற் சேர்க்கத்தக்கவை எவை என்பது மேற்கூறியவற்றால் ஒருவாறு புலனாகும். பெயர்த்தெடுத்த சுதைத் துண்டுகள் வேண்டா. திருமலைச் சமவசரணத்தின் முழு அளவுப் படியும், அதனருகே மேருமந்தர புராணத்தின் உரிய பகுதியும் இருக்கலாம். மாமண்டூர்க் கல்வெட்டின் மைப்படி ஓவியக் கூடத்தில் இடம்பெறுதல் தகும். எழுத்தாயினும் அது ஓவியத்தைப் பற்றிய எழுத்து. கொண்டையராஜு மரபின் அச்சுப்படங்களை இன்றும் ஊர்களிற் பழைய வீட்டுப் பூசையறைகளிலிருந்து திரட்டலாம். எந்த ஆண்டில், எந்தக் கடையின் பெயரால் வெளிவந்தது என்பதைப் படத்தின் அடியிலுள்ள அச்செழுத்தே பெரும்பாலும் சொல்லிவிடும். அக்கடைப் பெயரை அசிங்கமென வெட்டி எறிதல் கூடாது. செங்கத்து விளக்க எழுத்தைப் போல அதுவும் சான்றேயாகும்.

இவையனைத்திற்கும் கட்டடம் வேண்டும், பொருள் வேண்டும், காலமும் ஆகும். ஆனால் ஒரு வேலைக்குக் கட்டடம் வேண்டுவதில்லை. செங்கத்து விதானத்தின் தமிழ், தெலுங்கு விளக்க எழுத்துகளை முறையாகப் படித்து, காட்சிக்கு எண்ணிட்டு, இருமொழிப் பாடத்தையும் அடுத்தடுத்து அச்சிடுதலே அவ்வேலை. தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் தெலுங்கறிந்தார் ஒருவரும் ஒளிப்படக் கருவியுடன் சென்று தொடங்கலாம். பாடத்தைத் திருத்தாமல், பிழையெனத் தோன்றுவனவற்றையும் உள்ளவாறே எழுதுதல் வேண்டும். சுதை உதிர்ந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுதல் வேண்டும். எம்மொழி எழுத்து முதலில் எழுதப்பட்டு எது பின்னர் இடத்திற்கேற்ப நெருக்கி எழுதப்பட்டது என்பதனையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவ்விதானத்தின்கீழ் நின்று எழுதியவன் எம்மொழியில் எண்ணினான் என்பது அந்நெருக்கத்தினாலேயே தெரியவரலாம்.